க்ரிபன்சிஸ் ஜோடிக்கு எந்த மீன் துணை: டேனியோ, வாள்வால், கப்பி, கோரி, சக்கர் – ஓர் அலசல்

க்ரிபன்சிஸ் குகைக்குள் முட்டையிட்டுக் காக்கும் ஒரு சின்னச் சிக்லிட் மீன். முட்டைக்குத் தயாராகி அதன் பெண்ணின் வயிறு செக்கச்செவேல் என்று சிவந்தால், 3 அடித் தொட்டியில் பாதி அந்த ஜோடிக்குச் சொந்தமாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதிப் பாதியில் எந்த மீன் இருக்கலாம், எது இருக்கவே கூடாது என்பதுதான் இங்கே கேள்வி. கணக்குக்கு எடுத்துக்கொண்டது 36 x 15 x 15 அங்குலத் தொட்டி, விளிம்பு வரை நிரப்பினால் சுமார் 130 லிட்டர். 24 x 12 x 12 அங்குலத் தொட்டி 56 லிட்டர்தான் பிடிக்கும். அதில் இந்த அலசலுக்கே பெரிதாக இடமில்லை.

முதலில் தண்ணீர். தர்மபுரி, கிருஷ்ணகிரி போர் தண்ணீர் பாறை இடுக்குகளில் ஊறி வருவது. பல ஊர்களில் கடினத்தன்மையும் ஃப்ளோரைடும் அதிகம். மேற்கு ஆப்பிரிக்காவின் நைஜீரியா, கேமரூன் ஓடைகளைச் சேர்ந்த க்ரிபன்சிஸ் கொஞ்சம் கடினமான நீரையும் தாங்கும். ஆனால் டிடிஎஸ் (நீரில் கரைந்த உப்புகளின் அளவு) 800 காட்டும் நீரில் முட்டை பொரிப்பதை எதிர்பார்க்காதீர்கள். வீட்டு ஆர்ஓ நீர் 50 என்றால், இரண்டையும் சரிபாதி கலந்தால் 425 வரும், அது போதும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருகிற வீடுகளில் அதையே ஊற்றலாம். குளோரின் போக ஒரு நாள் ஏர் ஸ்டோன் ஓட விடுங்கள், அல்லது குளோரின் நீக்கி சேருங்கள். இன்னொரு விஷயம்: குஞ்சுப் பருவத்தில் நீர் அமிலமாக இருந்தால் ஆண்கள் கூடும், காரம் ஏறினால் பெண்கள் கூடும். ஒரு ஈட்டில் எல்லாமே பெண்ணாக வந்தால் கடைக்காரரைத் திட்டுவதற்கு முன் பிஎச் (நீரின் அமில, கார அளவு) பாருங்கள்.

யாருமே வேண்டாம், ஜோடி மட்டும் போதும் என்பதுதான் முட்டைக்குப் பாதுகாப்பான வழி என்று தோன்றும். பாதிதான் உண்மை. மேலே மீன்கள் பயமில்லாமல் திரிவதைப் பார்த்தால்தான் சிக்லிட் குகையை விட்டுத் தைரியமாக வெளியே வரும். விரட்ட வேறு ஆள் இல்லாவிட்டால் ஆணும் பெண்ணும் ஒன்றையொன்று விரட்டத் தொடங்கும். முட்டை தின்னப்படுவதும், பெண் மூலையில் கிழிந்த வாலோடு ஒதுங்குவதும் பெரும்பாலும் இப்படிப்பட்ட காலித் தொட்டிகளில்தான். 2 அடித் தொட்டி என்றால் வேறு வழியில்லை, தனி ஜோடிதான். மிஞ்சிப்போனால் 6 டேனியோ.

எங்கள் முதல் தேர்வும் ஜீப்ரா டேனியோதான். நம் நாட்டு மீன், 4 முதல் 5 செ.மீ., எந்தக் கடையிலும் கிடைக்கும். ஓசூர் மார்கழிக் குளிரையும் தர்மபுரி சித்திரை வெயிலையும் ஒரே மாதிரி தாங்கும். (க்ரிபன்சிஸ் தாங்காது. அதற்கு 25, 26 டிகிரியில் ஹீட்டர் வேண்டும், இந்தத் தொட்டிக்கு 100 வாட்ஸ்.) டேனியோ மேல்தட்டை விட்டு அதிகம் இறங்காது, ஆண் பாய்ந்தால் கணத்தில் நழுவிவிடும். 8 முதல் 10 வரை விடுங்கள். மூன்று, நான்கு மட்டும் விட்டால் ஜோடி ஒன்றையே குறிவைத்து விரட்டும், கூட்டமாக இருந்தால் துரத்தல் பங்கு போய்விடும். நீள்துடுப்பு டேனியோ வேண்டாம், வேகம் குறைவு, துடுப்பு கிழியும். குறையும் உண்டு: கூட்டத்தை விட்டு மேலே மிதக்கும் குஞ்சு டேனியோ வாய்க்குத்தான். 150 குஞ்சில் சில போகும். குதிக்கும் மீன் என்பதால் மூடியும் கட்டாயம்.

இரண்டாவது வாள்வால், அதாவது ஸ்வோர்டுடெயில். கலக்காத போர் தண்ணீருக்கு டேனியோவைவிட இதுவே பொருந்தும், கடின நீர்தான் இதற்குப் பிடிக்கும். உடம்பு பெரிது, சிக்லிட் பயமுறுத்தினாலும் சோர்ந்துபோகாது. ஒரு ஆணுக்கு மூன்று பெண் என்ற கணக்கில் விடுங்கள், இரண்டு ஆண் இருந்தால் அவற்றுக்குள்ளேயே சண்டை. ஆனால் தீனி தேடித் தரைக்கு இறங்கும் பழக்கம் இதற்கு உண்டு, குகை வாசலில் தினமும் தகராறு வரும். அது போடும் குட்டிகள் சிக்லிட்டுக்கு உயிருள்ள தீனி, அது ஒரு லாபம். பிளாட்டியும் இதே ரகம், வேகம் மட்டும் குறைவு.

கப்பி மலிவு, கடின நீருக்கும் ஏற்றது, அதனால்தான் எல்லோர் கையும் அங்கே போகிறது. அந்த அகலமான வால்தான் பிரச்சினை. முட்டை காக்கும் ஜோடி அதை இரண்டே நாளில் நார்நாராக்கிவிடும், பிறகு பூஞ்சை. டெட்ராக்களில் நியான் சின்னது, மென்மையான நீர் கேட்பது, இந்த ஊருக்குச் சரிவராது. பிளாக் விடோ முரட்டு மீன், ஆனால் துடுப்பைக் கடிக்கும், குஞ்சு மேலும் கண் வைக்கும். டைகர் பார்ப் துடுப்பைக் கடிப்பது பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை.

பெரும்பாலான தொட்டிகள் கெடுவது தரையில் வாழும் மீன்களால். கோரி என்ற சின்னக் கெளுத்தி சாது என்று கடையில் சொல்வார்கள். சாதுதான். ஆனால் அதன் உடம்பில் தகடு மாதிரிக் கவசம், சிக்லிட் முட்டினாலும் அதற்கு உறைக்காது, நகராமல் குகை வாசலையே மோந்துகொண்டிருக்கும். முட்டி அலுத்த ஜோடி கண்ணைக் கொத்தும். ஒற்றைக் கண் கோரி இப்படித்தான் உருவாகிறது. சக்கர் அதைவிட மோசம்: பகலில் கண்ணாடியில் ஒட்டியிருக்கும், விளக்கணைத்ததும் குகைக்குள் புகுந்து ஒரே இரவில் முட்டை முழுவதையும் தின்றுவிடும். அந்த இருட்டில் க்ரிபன்சிஸுக்கு எதிராளி தெரிவதே இல்லை. 30 செ.மீ.க்கு மேல் வளரும் மீன் வேறு. பாசி சுத்தம் செய்ய என்று விற்கிறார்கள், வளர்ந்த பிறகு அது தின்பதைவிடக் கழிப்பதுதான் அதிகம். வளர்ந்த சக்கரை கிருஷ்ணகிரி அணையிலோ ஏரியிலோ விட்டுவிடாதீர்கள். அங்கே ஜிலேபிக்கெண்டை (அதுவும் ஒரு சிக்லிட்தான்) நம் மீன்களை நெருக்குவதே போதும். பிரிசல்நோஸ் என்ற சின்னச் சக்கர் வகை அவ்வளவு வளராது, ஆனால் அதற்கும் குகைதான் வேண்டும், குகைக்குத்தான் சண்டை. லோச் வகைகள் முட்டை, குஞ்சு, நத்தை எதையும் விடாது. இறால் விட்டால் அது தீனிச் செலவில் சேரும்.

இன்னொரு சிக்லிட் ஜோடி என்றால் 4 அடித் தொட்டி வேண்டும், அதிலும் நடுவே பார்வையை மறைக்கும் கல் வேண்டும். ஏஞ்சல் தரையைத் தொடாது என்றாலும், நீந்தத் தொடங்கிய குஞ்சுகளை மேலிருந்து பொறுக்கும்.

உங்களிடம் இருப்பது ராம் என்ற சிக்லிட் ஜோடி என்றால் கணக்கே வேறு. அது தட்டைக் கல்லில் திறந்த வெளியில் முட்டையிடும், 28 முதல் 30 டிகிரியும் மென்மையான நீரும் கேட்கும். முட்டை நேரத்தில் அதற்குத் துணையே வேண்டாம். கான்விக்ட் என்ற இன்னொரு சிக்லிட்டுக்கு நம் போர் தண்ணீர் அப்படியே போதும், ஆனால் அது டேனியோவையும் நிம்மதியாக இருக்க விடாது. அதற்குத் துணை வளர்ந்த வாள்வால்தான், அதுவும் 3 அடிக்குக் குறையாத தொட்டியில்.

வரிசையும் முக்கியம். டேனியோவை முதலில் விட்டு இரண்டு, மூன்று வாரம் பழக விடுங்கள், பிறகு ஜோடி. தலைகீழாகச் செய்தால் புதிதாக வருவதெல்லாம் எதிரிதான். குகைக்கு 4 அங்குல மண் பூந்தொட்டியைக் கவிழ்த்து, விளிம்பில் ஒன்றரை அங்குலம் உடைத்துவிடுங்கள். கொட்டாங்கச்சியும் ஆகும். வாசல் பக்கச் சுவரைப் பார்த்து இருக்கட்டும், நடுத்தொட்டியைப் பார்த்து வைத்தால் காவல் எல்லை இரண்டு மடங்கு விரியும். மிதக்கும் தீனியை முதலில் மறுமூலையில் போட்டு டேனியோவை அங்கே இழுங்கள், அதன் பிறகு மூழ்கும் தீனி. ஃபில்டர் ஸ்பான்ஜ் ஆக இருக்கட்டும், வேறு எதுவும் குஞ்சை உறிஞ்சும்.

டேனியோக்கள் எல்லாம் ஒரு மேல்மூலையில் ஒட்டி நின்றால், செதில் உதிர்ந்திருந்தால், ஜோடி தொட்டி முழுவதையும் பிடித்துவிட்டது என்று அர்த்தம். நெட் தடுப்பை நடுவில் இறக்குங்கள். அதைச் செய்யாமல் மீனைப் பிடிக்க வலை போட்டுத் துழாவினால் பயத்தில் ஜோடியே முட்டையைத் தின்றுவிடும்.

முட்டை 3 நாளில் பொரியும், ஏறக்குறைய ஒரு வாரத்தில் குஞ்சுகள் நீந்தும். அன்றிலிருந்து லிட்டருக்கு 25 கிராம் உப்புக் கரைத்த நீரில் முட்டையிலிருந்து பொரித்த ஆர்ட்டீமியா (மிகச் சிறிய உப்புநீர் இறால்), நாளுக்கு மூன்று வேளை. மூன்று, நான்கு வாரத்தில் பெற்றோர் அடுத்த ஈட்டுக்குத் தயாராகி அதே குஞ்சுகளை விரட்டத் தொடங்கும். அப்போது குஞ்சுகளைக் குழாய் வைத்து உறிஞ்சி வேறு தொட்டிக்கு மாற்றுங்கள், டேனியோக்கள் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.