ரேடியோ பாரடைஸ்: காரைக்குடியிலிருந்து ஒரு மதிப்பீடு

ரேடியோ பாரடைஸ் என்னும் இணைய வானொலியை 2000ஆம் ஆண்டில் பில் கோல்ட்ஸ்மித்தும் அவர் மனைவி ரெபெக்காவும் கலிபோர்னியாவில் பாரடைஸ் என்ற மலையடிவாரச் சிற்றூரில் தொடங்கினர். இதில் விளம்பரம் கிடையாது, கட்டணமும் கிடையாது, நேயர்கள் விரும்பித் தரும் நன்கொடையில்தான் நிலையம் நடக்கிறது. ராக் இசையை மையமாகக் கொண்ட இந்நிலையத்தின் நிறையும் குறையும் அது பிறந்த விதத்திலிருந்தே வந்தவை என்பதால், அந்த வரலாற்றோடு சேர்த்தே இதை மதிப்பிட வேண்டியிருக்கிறது.

1970களின் நடுவில், பூண்டு விளைச்சலுக்குப் பெயர்பெற்ற கில்ராய் என்ற கலிபோர்னியச் சிற்றூரில் கேஃபேட் என்றொரு பண்பலை நிலையம் தோன்றியது. ராக், கன்ட்ரி, ப்ளூஸ், கேலிப்பாட்டு என எதையும் எதற்கு அடுத்தும் வைக்கும் உரிமை அங்கே அறிவிப்பாளருக்கு இருந்தது. 1983இல் அது நின்றுபோன பின், அதே போக்கில் 1988இல் வாட்சன்வில் வட்டாரத்தில் கேபிக் நிலையம் எழுந்தது. அங்கே பணியாற்றிய கோல்ட்ஸ்மித் 1995இலேயே அதன் ஒலிபரப்பை இணையத்தில் ஏற்றினார். வணிக வானொலிகளுள் இதில் முந்திக்கொண்டவற்றில் கேபிக்கும் ஒன்று. மறு ஆண்டு வந்த அமெரிக்கத் தொலைத்தொடர்புச் சட்டம், ஒரே நிறுவனம் நாடு முழுவதும் எத்தனை நிலையங்களையும் வைத்துக்கொள்ளலாம் என்று வழிவிட்டது. அதன்பின் பல ஊர்களின் வானொலிகள் தலைமையகம் அனுப்பும் பாட்டுப் பட்டியலுக்குக் கட்டுப்பட்டன. அந்தப் பட்டியலுக்கு வெளியே நிற்க விரும்பிய ஒருவர் வீட்டிலிருந்தபடியே நடத்திய நிலையமாகத்தான் ரேடியோ பாரடைஸ் உருவாயிற்று. 2002இல், ஒவ்வொரு பாட்டுக்கும் கேட்பவர் எண்ணிக்கைப்படி உரிமைத்தொகை செலுத்த வேண்டும் என்ற விதி சிறு இணைய வானொலிகளை மூடும் நிலைக்குத் தள்ளியது. அவ்வாண்டே அமெரிக்க நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்றிச் சிறியவர்களுக்கு ஓரளவு நிவாரணம் அளித்தது.

செட்டிநாட்டுக்குக் கடல் கடந்து வரும் வானொலி புதிதன்று. 1952இல் அகில இந்திய வானொலியிலிருந்து திரைப்பாடல்கள் விலக்கப்பட்டபோது, இங்குள்ள வால்வு ரேடியோக்களின் முள் இலங்கை வானொலியின் பக்கம் திரும்பியது. 1957இல் அகில இந்திய வானொலியே திரைப்பாடல்களுக்காக விவித பாரதியைத் தொடங்கிய பிறகும் பல வீடுகளில் அந்த முள் திரும்பி வரவில்லை. கொழும்புச் செட்டியார் தெருவில் கொடுக்கல் வாங்கல் வைத்திருந்த குடும்பங்களுக்கு அந்தக் குரல் அயலாகப் படவும் இல்லை. (அந்த ரேடியோக்கள் இப்போது காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் விடுதி வரவேற்பறைக்கு அலங்காரமாக விலைபோகின்றன, பாடுமா என்று கேட்பவர் அரிது.)

அந்தப் பழக்கத்தோடு வருபவருக்கு ரேடியோ பாரடைஸ் முதலில் வியப்பையும் பிறகு சிறு ஏமாற்றத்தையும் தரும். வியப்பு, பாட்டுகளின் வரிசையில் இருக்கிறது. முரட்டு கிட்டார் ஒலி அடங்கும் இடத்தில் ஒரு ஆப்பிரிக்கத் தாளம் எழுந்து, அதன் சுருதியிலேயே அறுபதுகளின் ராக் பாட்டு ஒன்று வந்து சேர்வது, கைதேர்ந்த நாகசுரக்காரர் ராகமாலிகையில் ராகம் மாறுவதைப் போல இயல்பாக நிகழ்கிறது. கணக்கிட்டுப் பாட்டுத் தேடித் தரும் செயலிகளிடம் இந்த ஒழுங்கை நான் கேட்டதில்லை. ஏமாற்றம், குரல் குறைவாக இருப்பதில். இலங்கை அறிவிப்பாளர்கள் நேயர் பெயரையும் ஊரையும் வாசித்தார்கள். பாட்டு விருப்பம் எழுதி அனுப்பியவரின் சிற்றூர்ப் பெயரும் வானொலியில் ஒலிக்கும். இங்கே அறிவிப்பாளர் எப்போதாவது பேசுகிறார், அதுவும் சுருக்கமாக. பாரடைஸ் ஊரின் சந்தையோ மழையோ ஒலிபரப்பில் இடம்பெறுவதில்லை. நிலையமும் பின்னாளில் வேறு ஊருக்கு மாறிவிட்டது. 2018 நவம்பரில் காட்டுத்தீ பாரடைஸின் பெரும்பகுதியை அழித்து, 85 உயிர்களைப் பறித்தது. இன்று அந்த ஊரின் பெயரை நாள்தோறும் உலகெங்கும் சொல்லிக்கொண்டிருப்பது, அங்கே இல்லாத இந்த வானொலி.

பயன்பாட்டில் குறை சொல்ல அதிகம் இல்லை. பிடிக்காத பாட்டைத் தாண்டிச் செல்லலாம். ஒன்று முதல் பத்து வரை மதிப்பெண் இடலாம். மூல ஒலியில் எதையும் இழக்காமல் சுருக்கித் தரும் ஃப்ளாக் என்ற கோப்பு வடிவிலும் கேட்கலாம், ஆனால் அது டேட்டாவை வேகமாகத் தின்னும். நொடிக்கு 320 கிலோபிட் தரத்துக்கு மணிக்கு ஏறத்தாழ 144 எம்பியும், 64 கிலோபிட்டுக்கு 29 எம்பியும் ஆகும். செட்டிநாட்டு வீட்டின் கனத்த சுவர்களுக்குள் சிக்னல் நலிந்துவிடுவதால், உள்ளறையில் குறைந்த தரத்தையும், வானம் தெரியும் வளவில் உயர்ந்த தரத்தையும் வைத்துக்கொள்வதே நடைமுறைக்கு ஒத்துவரும். ராக் மட்டும் வேண்டுவோருக்கு ராக் மிக்ஸ் என்ற தனி ஓடை உண்டு என்றாலும், நான் பரிந்துரைப்பது நிலையத்தின் முதன்மை ஓடையான மெயின் மிக்ஸைத்தான். கில்ராயின் அந்தக் கட்டற்ற கலப்பு அதில்தான் மிச்சமிருக்கிறது.