ரிமோட் டேங்க்: ஐந்து வருடம் ஓட்டிய பிறகு

2020 ஜனவரியில் சித்தி மகன் சிங்கப்பூரிலிருந்து வந்தபோது, அவன் பெட்டியில் பாதியை அடைத்துக்கொண்டு வந்தது என் டைகர். இரண்டாம் உலகப்போர் ஜெர்மன் டைகர் 1, பதினாறில் ஒரு பங்கு அளவு, சீனத் தயாரிப்பு. அடுத்த மாத பட்ஜெட்டில் பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது. அதற்கடுத்த மாதம் ஊரடங்கு. அம்பத்தூர் வீட்டு மொட்டைமாடியில் நானும் டைகரும்தான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பீரங்கிக் குழலோடு சேர்த்து அரை மீட்டருக்கு மேல் நீளம். ஸ்டார்ட் செய்தால் எஞ்சின் உறுமும், பின்னால் புகை வரும், மேலே பீரங்கி பொருத்திய டரட் நிதானமாகத் திரும்பும், சுட்டால் குழல் பின்னுக்கு உதைக்கும். 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குண்டும் சுடும். குண்டு போடுவதை முதல் வாரமே நிறுத்திவிட்டேன். பக்கத்து மாடியில் குழந்தைகள் விளையாடுகிறார்கள், கண்ணில் பட்டால் யார் பதில் சொல்வது? புகையும் இரண்டு மாதம்தான். புகைக்கான எண்ணெய் தீர்ந்தது தெரியாமல் ஓட்டினேன், உள்ளே சூடேறும் கம்பி கருகிவிட்டது. மாற்றவில்லை, பெரிதாகக் குறையும் தெரியவில்லை.

பெரிய தலைவலி நானே தேடிக்கொண்டது. நிஜ டைகர் சுமார் 57 டன். நீளம், அகலம், உயரம் மூன்றும் பதினாறில் ஒரு பங்காகச் சுருங்கும்போது எடை 4096-இல் ஒரு பங்காகும். அந்தக் கணக்குப்படி என் வண்டி ஏறக்குறைய 14 கிலோ இருக்கவேண்டும். இருந்தது நாலு கிலோகூட இல்லை. அதனால்தான் சின்னக் கல் தட்டுப்பட்டாலும் தவளை மாதிரி குதித்தது. கனம் கூட்டலாம் என்று சக்கரங்களைச் சுற்றி ஓடும் பிளாஸ்டிக் செயினைக் கழற்றி உலோகச் செயின் மாட்டினேன். பார்க்க அட்டகாசம். மேல்பக்கச் செயின் தொய்ந்து சக்கரங்கள் மேலேயே படுத்துக்கொண்டது. நிஜ டைகரிலும் அப்படித்தான், மேல் செயினைத் தாங்கத் தனி உருளை கிடையாது.

மூன்றாம் நாள் நின்ற இடத்திலேயே ஒரு சுற்று திருப்பினேன். டக், டக், டக். இடது பக்கம் நின்றுவிட்டது.

இதற்கு ஸ்டீயரிங் இல்லை. பக்கத்துக்கு ஒரு மோட்டார். ஒன்று முன்னுக்கும் மற்றது பின்னுக்கும் ஓடினால் வண்டி சுழலும். அப்போது தரையில் படுகிற செயின் முழுவதும் பக்கவாட்டில் இழுபடும். சொரசொர சிமெண்ட் தரையில் உலோகச் செயின் என்றால் அந்தப் பாரம் அத்தனையும் கியர்பாக்ஸுக்குத்தான். திறந்து பார்த்தேன். பிளாஸ்டிக் கியரின் மூன்று பற்கள் கிரீஸுக்குள் அரிசி நொய் மாதிரி கிடந்தன. மாற்றவேண்டிய வரிசை இதுதான்: முதலில் எஃகு கியர்பாக்ஸ், அடுத்து செயினை இழுக்கும் முன்பக்கப் பல்சக்கரம், கடைசியில்தான் செயின். நான் தலைகீழாகச் செய்து, ஒரு ஜோடி கியர்பாக்ஸ் பணத்தைத் தண்டமாகக் கொடுத்தேன்.

அப்புறம் மணல். பெசன்ட் நகர் கடற்கரையில் ஒரே ஒரு தடவை ஓட்டினேன். வண்டியின் அடிப்பாகம் அடைப்பாக இல்லாததால் நைசான மணல் உள்ளே போய், கிரீஸோடு கலந்து, சாணைக்கல் வேலை பார்த்துவிட்டது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய சக்கரங்களைக் கழற்றித் துடைக்கவே ஒரு ஞாயிறு போனது. “என்னங்க, இதுக்கு வைக்கிற கிரீஸ்ல கொஞ்சம் நம்ம வாசல் கேட்டுக்கும் வைங்களேன்” என்றாள் மனைவி. வைத்தேன்.

செயின் கண்ணிகளைக் கோர்க்கும் ஊசி போன்ற பின்கள் தாமாகவே வெளியே நகர்ந்துவரும் வியாதி இன்னும் தீரவில்லை. ஒவ்வொரு முறை ஓட்டுவதற்கு முன்பும் விரலால் தடவிப் பார்த்து உள்ளே தட்டிவிடுகிறேன். இந்த மோட்டார் சத்தத்தில் பின் விழுந்தால் காதில் கேட்காது, செயின் கழன்ற பிறகுதான் தெரியும்.

நண்பர் ஒருவர் ஷெர்மன் என்ற அமெரிக்க டேங்கின் ரிமோட் மாடல் வாங்கிய பிறகுதான் அகச்சிவப்புச் சண்டையின் ருசி தெரிந்தது. குண்டுக்குப் பதில் ஒரு வண்டி அகச்சிவப்பு ஒளியைச் சுடும், அது மற்ற வண்டிமேல் பட்டால் அடிபட்டதாகக் கணக்கு. வண்டி உதறும், கூடுதலாக அடிபட்டால் படுத்துவிடும். ஆனால் நம்ம ஊர் பதினோரு மணி வெயிலில் பத்தடி தூரத்திலிருந்து சுட்டாலும் உணராது. சாயங்காலம் ஐந்தரைக்கு மேல்தான் எங்கள் போர். ஷெர்மன் சுறுசுறுப்பாகப் பின்பக்கம் வந்துவிடும், நான்தான் அதிகம் தோற்கிறேன்.

பேட்டரியை ஆரம்பத்தில் வந்த நிக்கல் வகையிலிருந்து 7.4 வோல்ட் லித்தியத்துக்கு மாற்றினேன். வண்டி சோர்ந்ததும் உடனே நிறுத்திவிடவேண்டும், கடைசிச் சொட்டுவரை உறிஞ்சினால் பேட்டரி செத்துவிடும். வெயிலில் நிற்கும் காருக்குள் வைக்கவே வேண்டாம்.

ஜப்பானின் டாமியா நிறுவனத்தின், நாமே பூட்டிக்கொள்ளும் டேங்க் கிட் ஒன்றையும் கொஞ்சநேரம் ஓட்டிப் பார்த்தேன். நகரும் விதமே வேறு, ஆனால் அந்த விலைக்கு என்னுடையது மூன்று வாங்கலாம். இன்னொரு மனக்குறை. பக்கத்து ஆவடியில் அர்ஜுன் டேங்க் தயாராகிறது, ரிமோட் அர்ஜுன் மட்டும் எந்தக் கடையிலும் கண்ணில் படவில்லை.

ஸ்க்ரூடிரைவர் பிடிக்க அலுப்பு என்றால் இதை வாங்காதீர்கள். போன வாரத்திலிருந்து வலது கியர்பாக்ஸில் லேசாக ஒரு ‘கிர்’ கேட்கிறது. ஞாயிற்றுக்கிழமை திறந்து பார்க்கவேண்டும்.