கியர் பொக்ஸ் மாற்றியதாக 240 டொலர் வாங்கினார்கள், பழுது சில்லில் இருந்தது

ஸ்காபரோவில் வீடு வைத்திருப்பவர்கள், அதுவும் தானாக நகரும் புல்வெட்டும் மெசின் வைத்திருப்பவர்கள், அதைத் திருத்தக் கொடுக்குமுன் இதை ஒருமுறை வாசித்துவிடுங்கள். நான் இழந்த காசு பெரிய தொகை இல்லை. இழந்த விதம்தான் இன்னும் வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

என்னுடையது முன்சில்லுகள் இழுத்துச் செல்லும் வகை. ஐந்து கோடை உழைத்துவிட்டது. இந்த மே மாதத் தொடக்கத்தில் வெளியே எடுத்தபோது இரண்டாவது இழுவையில் இயந்திரம் உயிர்பெற்றது, கத்தி சுழன்றது, மெசின் மட்டும் நகர மறுத்தது. ஓட்டும் கைப்பிடியை அழுத்தினால் முன்பக்கத்தில் கடகடவென்று ஒரு சத்தம். சமதரையில் கொஞ்சம் ஊர்ந்தது, வீதியோரப் பள்ளத்தின் சரிவில் அப்படியே நின்றுவிட்டது. ரொறொன்ரோ மாநகர விதிப்படி புல் 20 சென்ரிமீற்றருக்கு மேல் வளரக் கூடாது. மழை வேறு பெய்துகொண்டிருந்தது. அவசரத்தில் மெசினை வான் வண்டியில் ஏற்றி, போகும் வழியில் தென்பட்ட ஒரு கடையில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மேசைக்குப் பின்னால் நின்றவர் மெசினைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. நான் சத்தத்தைச் சொல்லி முடிப்பதற்குள், "கியர் பொக்ஸ் போய்விட்டது, 140 டொலர் வரும்" என்றார். எழுதித் தரச் சொல்லிக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. பன்னிரண்டு நாள் கழித்துப் போனால் கணக்கு 240 ஆகியிருந்தது. கியர் பொக்ஸ், பெல்ட், காற்று வடிகட்டி, கூலி என்று ஒரு துண்டில் கிறுக்கியிருந்தார்கள். கடையின் பெயர்கூட அதில் இல்லை. நான் முகம் சுளித்ததைப் பார்த்து, "காசாகத் தந்தால் வரி வேண்டாம்" என்றார் அந்த மனிதர்.

இங்கே நான் என்னையும் திட்டிக்கொள்ள வேண்டும். 13 வீத விற்பனை வரி என்றால் 31 டொலர் 20 சதம். அதை மிச்சம் பிடிக்கும் ஆசையில் கைக்காசை எண்ணிக் கொடுத்தேன். கடனட்டையில் கொடுத்திருந்தால் பிறகு வங்கியிடமாவது முறையிட்டிருக்கலாம். ஒழுங்கான பற்றுச்சீட்டு இருந்திருந்தால் கடைக்காரரிடம் பேச ஒரு பிடி இருந்திருக்கும். இரண்டையும் நானே விட்டுக்கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து இயக்கினேன். முதலில் வெள்ளைப் புகை, பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்க்குமளவுக்கு. புகை அடங்குவதற்குள் மெசின் தானாக நடக்கத் தொடங்கியது. ஓட்டும் கைப்பிடியை நான் தொடவே இல்லை. கத்தி சுழன்றபடியே போய், மனைவி முந்தின நாள் நட்ட கத்தரிக் கன்றுகளில் இரண்டை அரைத்த பிறகுதான் எனக்குச் சுயநினைவு வந்து இயந்திரத்தை நிறுத்தினேன். செருப்புக் காலோடு புல் வெட்டும் பழக்கம் எனக்கு அன்றோடு போயிற்று. கடைக்குத் தொலைபேசியில் சொன்னேன். "புது கியர் பொக்ஸ், அப்படித்தான் விறுவிறுப்பாக இருக்கும்" என்றார்கள். அதையும் நம்பி இரண்டு கிழமை அந்த விறுவிறுப்போடு மல்லுக்கட்டினேன். மூன்றாவது கிழமை மறுபடியும் கடகட, பிறகு அசைவே இல்லை.

திரும்பக் கொண்டுபோனபோது, "இது சில்லுப் பழுது, நாங்கள் செய்த வேலைக்கும் இதற்கும் தொடர்பில்லை, இன்னொரு 120 ஆகும்" என்றார்கள். முதல் நாளே சில்லைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். அதற்குப் பதில் வரவில்லை. அடுத்த வாடிக்கையாளரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர் இருக்கிறார், இளமையில் கோண்டாவில் பஸ் டிப்போவில் வேலை பார்த்தவர். வந்ததும் முதல் வேலையாக ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றினார். சில்லை நடுவில் பிடித்திருந்த ஒரேயொரு போல்ட்டைத் திருகி, சில்லை இழுத்து என் கையில் தந்தார். "தம்பி, உள்ளுக்குப் பாரும்" என்றார். பிளாஸ்டிக் சில்லின் உட்புறத்தில் வட்டமாகப் பற்கள் இருக்க வேண்டும். அச்சின் நுனியில் இருக்கும் சின்னப் பற்சில்லு அந்தப் பற்களைக் கௌவித்தான் சில்லைச் சுழற்றும். என் சில்லில் பாதி வட்டம் மழித்த தாடைபோல வழவழவென்று இருந்தது. ஐந்து வருடப் புல்லும் மண்ணும் ஈரத்தோடு சேர்ந்து அரைத்த அரைப்பு அது. கடகட என்று நான் கேட்டது, பல் இல்லாத இடத்தில் பற்சில்லு வழுக்கிய சத்தம்.

அதோடு விடவில்லை அண்ணன். முன்மூடியைக் கழற்றினார். 'புது' கியர் பொக்ஸின்மேல் காய்ந்த புல் அடையாக ஒட்டியிருந்தது. அதைத் தாங்கும் போல்ட்டுகளில் துரு, அந்தத் துருவில் ஸ்பானர் பட்ட ஒரு கீறல் இல்லை. பெல்ட்டும் பழையதுதான், ஓரம் மினுமினுத்துப் போயிருந்தது. காற்று வடிகட்டியைத் திறந்தால் கறுத்த பழைய தாள் எண்ணெயில் ஊறிக் கிடந்தது. மெசினைக் காபரேற்றர் (எரிபொருளைக் காற்றோடு கலக்கும் பாகம்) பக்கம் கீழே வரும்படி சரித்திருக்கிறார்கள், இயந்திர எண்ணெய் காற்று வடிகட்டிக்குள் இறங்கிவிட்டது, வெள்ளைப் புகை அதனால்தான் என்றார். அந்தப் பக்கம் மேலே இருக்கும்படி சரிக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் அரிச்சுவடி.

அப்படியானால் கடையில் செய்தது என்ன? கேபிளை இறுக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான். என் மெசினில் கைப்பிடியை அழுத்தும்போது கேபிள் கியர் பொக்ஸைச் சாய்க்கும், பெல்ட் விறைக்கும், சில்லு ஓடும். அளவுக்குமேல் இறுக்கியதால் கைப்பிடியைத் தொடாமலே பெல்ட் விறைத்து நின்றது. மெசின் தானாக நடந்த மர்மம் இதுதான். மேலும் நாலு பல் இரண்டு கிழமையில் போனதும் இதனால்தான். ஏமாற்றியதை விட்டாலும், கத்தி சுழலும் ஒரு மெசினை இந்த நிலையில் கையில் கொடுத்தனுப்பியதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

புதுச் சில்லு இரண்டும் பற்சில்லு இரண்டும் சேர்த்து வரியோடு 74 டொலர். மாற்ற ஒரு மணி நேரம் பிடித்தது. அதில் பாதி, பற்சில்லைப் பிடித்திருக்கும் வளையம் தெறித்துப் புல்லுக்குள் விழுந்ததைத் தேடிய நேரம். நீங்கள் செய்தால் கீழே ஒரு பழைய துணியை விரித்துவிடுங்கள். பற்சில்லில் இடம், வலம் உண்டு. ஒவ்வொரு பக்கமாகக் கழற்றிப் பூட்டுங்கள், மாறிப் போனால் முன்னால் இழுக்காது. கழற்றும்போது பற்சில்லை அச்சோடு பிணைக்கும் சிறு உலோகத் துண்டு ஒன்று உள்ளேயிருந்து நழுவி விழும், அதையும் பத்திரப்படுத்துங்கள்.

கடைக்குத்தான் கொடுக்க வேண்டியிருந்தால், மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள். ஒன்ராறியோவின் 2002 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் ஒரு மதிப்பீடு இருந்தால், நீங்கள் புதிதாகச் சம்மதிக்காமல் அதற்கு 10 வீதத்துக்கு மேல் கூட்டி வாங்க முடியாது. 140 என்று எழுதி வாங்கியிருந்தால் 154ஐத் தாண்டியிருக்க மாட்டார்கள். கழற்றிய பழைய பாகத்தையும் கையோடு கேளுங்கள். நான் கேட்டிருந்தால் அவர்களிடம் தருவதற்கு ஒன்றும் இருந்திருக்காது.

கடைக்குப் படங்களோடு பதிவுத் தபாலில் கடிதம் எழுதி ஒரு மாதம் ஆகிறது. பதிலைக் காணவில்லை. தேய்ந்த சில்லுகள் கராஜில் ஆணியில் தொங்குகின்றன. போன சனிக்கிழமை மைத்துனர் தன் மெசினும் கடகட என்கிறது, அதே கடைக்குத்தான் கொண்டுபோகப் போகிறேன் என்று வந்து நின்றார். ஆணியில் தொங்கிய ஒரு சில்லை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.