‘15 கிலோ தாங்கும்’ என்ற அட்டையை நம்பி கனமான லென்ஸை ஏற்றாதீர்கள்

ட்ரைபாட், அதாவது கேமராவைத் தாங்கும் முக்காலி, வரும் பெட்டியில் ‘தாங்கும் எடை 15 கிலோ’ என்று பெரிதாகப் போட்டிருக்கும். மேலே ஏற்றுவதோ ஒரு கிலோ கேமரா பாடி, இரண்டு கிலோவுக்குச் சற்று முன்பின் வரும் 150-600 மி.மீ. டெலி லென்ஸ் (தூரத்தில் இருப்பதைக் கிட்டே காட்டும் நீள லென்ஸ்). அப்படியிருந்தும் பால் ஹெட்டை (கால்களின் மேல் கேமராவைப் பிடிக்கும், உருண்டை மூட்டுள்ள தலையை) முழுக்க இறுக்கிக் கையை எடுத்ததும் லென்ஸின் மூக்கு மெல்லத் தாழ்கிறது. கொஞ்ச நேரத்தில் ஒரு கால் இரண்டு விரல்கடை உள்ளே இறங்கியிருக்கிறது. விற்றவரிடம் கொண்டுபோனால், “சார், அந்த 15 கிலோ காலுக்குத்தான், ஹெட்டுக்கு இல்ல” என்பார்கள். இல்லையென்றால், “அதிக பாரம் ஏத்திட்டீங்க, வாரண்டி வராது.” கனமான கேமரா வைத்திருப்பவர்கள் திரும்பத் திரும்ப ஏமாறும் இடம் இது.

எடை தாங்கும் அளவை எப்படிச் சோதிக்க வேண்டும் என்று எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான விதி கிடையாது. நேர்கீழாக எடை வைத்து, கால் உடையாமல் நின்றால் போதும் என்று ஒருவர் எண்ணைப் போடலாம். ஆடாமல் நிற்கும் எடையை மட்டும் இன்னொருவர் போடலாம். இரண்டும் அட்டையில் ஒரே மாதிரிதான் தெரியும். நீளமான லென்ஸ் நேர்கீழாக அழுத்துவதில்லை, நெம்புகோல் போல முன்னால் இழுக்கிறது. ஆகவே பாடி, லென்ஸ், ஹெட் மூன்றின் எடையையும் கூட்டி, அதைப்போல் மூன்று மடங்காவது எழுதியிருந்தால்தான் மேற்கொண்டு பாருங்கள். கிம்பல் ஹெட் (கனமான லென்ஸைச் சமநிலையில் தொங்கவிட்டுத் திருப்பும் தலை) மட்டுமே பல சமயம் ஒரு கிலோவுக்கு மேல் வருவதால் அதைக் கணக்கில் விட்டுவிடாதீர்கள். காலும் ஹெட்டும் சேர்த்து விற்கும் செட் என்றால் இரண்டின் எண்ணையும் தனித்தனியாகக் கேளுங்கள். சிறிய எண் எதுவோ அதுதான் உங்களுக்கானது.

எண்ணைவிட நம்பத்தக்கது குழாயின் விட்டம். சுவரின் தடிமன் ஒன்றாக இருந்தால், வளையாமல் நிற்கும் திறன் விட்டத்தின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்பக் கூடும்: 22 மி.மீ. குழாயைவிட 28 மி.மீ. குழாய் இரண்டு மடங்கு விறைப்பு. விளம்பரத்தில் மேல்குழாயின் அளவை மட்டும் சொல்வார்கள். காலின் பலவீனமான இடம் கடைசித் துண்டு. ஐந்து துண்டுக் கால் மடித்தால் கைக்கு அடக்கமாக இருக்கும், ஆனால் அடித்துண்டு குச்சியாகிவிடும். டெலி லென்ஸுக்கு மேலே 32 மி.மீ., கீழே 22 மி.மீ.க்குக் குறையாமல், மூன்று அல்லது நான்கு துண்டு. இதில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம்.

உயரத்திலும் இதே கதை. அட்டையில் இருப்பது பெரும்பாலும் சென்டர் காலம் எனப்படும் நடுத்தண்டை முழுக்க ஏற்றிய உயரம். தண்டை ஏற்றியதும் மூன்று காலின் மேல் ஒரு ஒற்றைக்கால் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கனமான லென்ஸுக்கு, தண்டை ஏற்றாமலே வ்யூஃபைண்டர் கண்ணுக்கு வரவேண்டும். நடுத்தண்டே இல்லாத மாடல் இன்னும் நல்லது.

கார்பன் ஃபைபர் என்று சொல்லி, அலுமினியக் குழாயின் மேல் பின்னல் படம் ஒட்டி விற்பதும் உண்டு. ட்விஸ்ட் லாக்கை (குழாயைச் சுற்றித் திருகி இறுக்கும் பூட்டை) கழற்றி அடித்துண்டை உருவி, குழாயின் வெட்டுமுனையைப் பாருங்கள். உலோகப் பளபளப்பு தெரிந்தால் அலுமினியம். அலுமினியம் மட்டமான பொருள் அல்ல, நல்ல தடிமனில் உறுதியாகவே நிற்கும். கார்பன் விலையில் அதை வாங்கியதுதான் நஷ்டம்.

ஹெட்டைப் பொருத்தும் திருகு 3/8 அங்குலமா என்று பாருங்கள். 1/4 அங்குலம் மட்டும் இருந்தால் அது கனமான கருவிக்குச் செய்ததல்ல. பிளேட்டை (கேமரா அல்லது லென்ஸின் அடியில் திருகும் தட்டை) ஹெட்டில் பிடிக்கும் கிளாம்ப் லீவர் வகை என்றால், ‘ஆர்க்கா’ அச்சு என்று சொல்லப்படும் எல்லா பிளேட்டையும் அது ஒரே இறுக்கத்தில் பிடிக்காது. பிளேட்டுகளின் அகலம் மயிரிழை மாறும். குமிழைத் திருகி இறுக்கும் கிளாம்ப் இந்த வித்தியாசத்தைச் சமாளிக்கும். பிளேட்டின் அடியில் இருக்கும் சிறு தடுப்புத் திருகுகளைக் கழற்றி எறியாதீர்கள். கிளாம்ப் தளர்ந்தால் கேமரா வழுக்கி விழாமல் காப்பது அவைதான். காலர் (லென்ஸைச் சுற்றி இருக்கும் பிடிவளையம்) உள்ள லென்ஸை எப்போதும் காலரில்தான் பொருத்த வேண்டும். பாடியில் பொருத்தினால் லென்ஸும் பாடியும் சேரும் மவுண்ட் நோகும், எந்த ஹெட்டும் தாழும்.

வாங்கியதும், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் சோதியுங்கள். கால்களை முழுக்க நீட்டிப் பூட்டி, ஒவ்வொரு பூட்டின் விளிம்பிலும் குழாயில் ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். கேமரா இல்லாமல், மூன்று காலும் சேரும் தோள்பகுதியில் இரண்டு உள்ளங்கையையும் ஊன்றி, பெட்டியில் எழுதிய எடையைத் தாண்டாமல் அழுத்துங்கள். டேப் பூட்டுக்குள் நகர்ந்திருந்தால் கால் வழுக்குகிறது. பிறகு தோளைப் பிடித்துத் திருகிப் பாருங்கள்: லேசாக வளைந்து திரும்பினால் பரவாயில்லை, ‘டக்’ என்று ஆட்டம் கேட்டால் மூட்டு தளர்வு. கடைசியாக லென்ஸை ஏற்றி, ஸ்டெபிலைசேஷனை (நடுக்கம் குறைக்கும் வசதியை) அணைத்து, கேமரா திரையின் லைவ் வியூவில் 10 மடங்கு பெரிதாக்கி ஒரு புள்ளியை நடுவில் வைத்து இறுக்குங்கள். கையை எடுத்ததும் புள்ளி நகர்ந்தால் ஹெட் தாழ்கிறது. லென்ஸை விரலால் ஒரு தட்டு தட்டி எண்ணுங்கள். இரண்டு நொடிக்குள் ஆட்டம் அடங்க வேண்டும்.

வழுக்குவதெல்லாம் மோசடி என்று சொல்லிவிட முடியாது. ஃபிளிப் லாக்கில் (நெம்பி மூடும் பூட்டில்) ஒரு நட்டை இறுக்கினாலே சரியாகும். ட்விஸ்ட் லாக்கின் உள்ளே உள்ள பிளாஸ்டிக் உறையில் மணலோ கிரீஸோ படிந்தாலும் பிடி விடும், துடைத்தால் போதும். துடைத்தும் வழுக்கினால் குறை பொருளில்தான். அந்த உறை உதிரியாகக் கிடைக்குமா என்று வாங்கும் முன்பே கேளுங்கள். ‘கிடைக்காது’ என்றால், அது தேய்கிற அன்றே முழு ட்ரைபாடும் வீண்.

டேப் சோதனையையும் புள்ளி நகர்வதையும் வெட்டில்லாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். ஏற்றிய பாடி, லென்ஸ், ஹெட் மூன்றையும் தராசில் வைத்த எண்ணும், பெட்டியில் அச்சிட்ட எண்ணும் அதே வீடியோவில் வரட்டும். ‘அதிக பாரம்’ என்ற சாக்கு அதற்குப் பிறகு எடுபடாது.