பொங்கலுக்கு முன் ஒரு போர்வை: மெசினோ, முடிச்சோ, கையோ?

தீபாவளி முடிந்த கையோடு யாழ்ப்பாணத்து வீடுகளில் கலண்டர் நிரம்பிவிடும். கந்தசஷ்டி ஆறு நாள், கார்த்திகை விளக்கீடு, அதற்கு மறுநாளே தொடங்கி பிள்ளையார் பெருங்கதை 21 நாள், பிறகு திருவெம்பாவை பத்து நாள், தை பிறந்தால் பொங்கலும் பட்டிப்பொங்கலும். நடுவில் நத்தார் விடுமுறைக்கு வெளிநாட்டுச் சொந்தங்கள். இதற்குள்தான் கனடாவில் இருந்து வரும் பெறாமகளுக்கு ஒட்டுத்துணிப் போர்வை ஒன்று தைத்துத் தருகிறேன் என்று இரண்டு வருடத்துக்கு முன் மச்சாளிடம் வாய்விட்டேன். அதற்குப் பிறகு மூன்று விதமாகவும் தைத்துப் பார்த்துவிட்டேன். எது வடிவு, எது கெதி என்று கேட்டால் ஒரு பதில் வரும். வேலையை எத்தனை தரம் பாதியில் போட்டுவிட்டுக் குசினிக்கு ஓடலாம் என்று கேட்டால் வேறு பதில் வரும். பண்டிகைக் காலத்தில் எனக்கு இரண்டாவது கேள்விதான் முக்கியம்.

முதலில் மெசின். 60 அங்குல அகலம், 80 அங்குல நீளம் என்று வைத்து, தைத்த பிறகு ஐந்து அங்குலம் வரும் சதுரங்களாக எடுத்தால் 192 துண்டுகள் வேண்டும். தெருமுனைத் தையற்கடையில் வெட்டுத்துணி ஒரு பை நிறையக் கிடைக்கும், அதனால் துணிக்குக் கவலையில்லை. கவலை தையல் ஓரத்தில்தான். சட்டை தைத்துப் பழகிய கைக்கு அரை அங்குலம் விடத்தான் வரும். இந்த வேலைக்குக் கால் அங்குலம். ஒவ்வொரு இணைப்பிலும் எட்டில் ஒரு பங்கு அங்குலம் பிசகினாலும், 12 சதுரம் கொண்ட வரியின் 11 இணைப்புக்கும் சேர்த்து ஒன்றேகால் அங்குலத்துக்கு மேல் போய்விடும். பிறகு அடுத்த வரியோடு மூலைகள் பொருந்தாது.

ஆனாலும் சதுரங்களை இணைக்கிற கட்டம் பண்டிகையோடு ஒத்துப்போகும். நான்கு துண்டு தைத்துவிட்டு எழும்பலாம், வந்து மறுபடி இருக்கலாம். மின்வெட்டு வந்தாலும் கால் மெசின் இருந்தால் ஓடும். 2022 இல் நாளுக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் இல்லாமல் இருந்தபோது எங்கள் ஒழுங்கையில் அம்மம்மா காலத்துக் கால் மெசின்கள் எல்லாம் தூசி தட்டி எழுப்பப்பட்டன. சிக்கல் அடுத்த கட்டத்தில். அடித்துணி, பஞ்சு விரிப்பு, மேல்துணி மூன்றையும் சுருக்கமில்லாமல் விரித்து, உள்ளங்கை அகலத்துக்கு ஒன்றாக ஊக்கு குத்த வேண்டும். இந்த அளவுக்குக் கிட்டத்தட்ட 300 ஊக்கு. அதற்கு ஹோல் நிலம் முழுக்க வேண்டும். மார்கழியில் எங்கள் ஹோல் நிலத்துக்கு வேறு சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள்: பாய் விரித்துப் படுக்கிற விருந்தாளிகள்.

நான் மெசினில் தைத்த வருடம் மச்சாள் ஆட்கள் சொன்ன நாளுக்கு ஒரு நாள் முந்தி வந்து கேற்றில் நின்றார்கள். பாதி ஊக்கு குத்திய போர்வையைச் சுருட்டிச் சாமியறைக்குள் தள்ளினேன். அன்றிரவு எல்லோரும் நித்திரையான பிறகு டோர்ச் வெளிச்சத்தில் ஊக்குகளை எண்ணினேன். ஒன்று குறைந்தது. பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடித் திரிகிற வீடு! விடியத் திருவெம்பாவைக்குச் சங்கு ஊதிக்கொண்டு போகும் சத்தம் கேட்கும் வரைக்கும் நிலத்தைத் தடவிக்கொண்டிருந்தேன். ஊக்கு கடைசியில் மாமியின் பாயில் கிடந்தது. மாமி ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "பயறு வறுக்கிற நேரத்தில இந்தத் துண்டுத்துணியோட ஏன் பிள்ளை மினக்கெடுறாய்?"

மழையும் இருக்கிறது. துணிகளை முதலிலேயே தோய்த்துச் சுருங்க வைத்து, சாயம் போகிறதா என்று பார்க்காவிட்டால், முதல் தோயலிலேயே சிவப்புச் சதுரம் பக்கத்து வெள்ளையைக் கெடுத்துவிடும். கார்த்திகை, மார்கழி ஈரத்தில் இந்தத் தோயல் நடக்காது, கொடியில் மூன்று நாள் கிடந்தாலும் துணி மணக்கும். மெசினில்தான் தைப்பேன் என்கிறவர்கள் புரட்டாதி வெயிலிலேயே தோய்த்து வெட்டி வைத்துவிட வேண்டும். பஞ்சு மிச்சம் பிடிக்கலாம் என்று தலையணைக்குள் இருக்கிற இலவம்பஞ்சை எடுத்துவிடாதீர்கள், அது உள்ளே ஓடித் திரண்டு மூலைக்கு மூலை கட்டியாகும்.

இரண்டாவது வழி முடிச்சு. மேல்துணி அதே 192 சதுரம்தான். ஆனால் மூன்று அடுக்கையும் வரிவரியாகத் தைக்காமல், நான்கு சதுரம் சந்திக்கிற இடத்தில் எல்லாம் தடித்த பருத்தி நூலை ஏற்றி இறக்கி இரட்டை முடிச்சுப் போடுவது. கணக்குப் பார்த்தால் 165 முடிச்சு. நானும் தங்கச்சியும் எதிரெதிரே இருந்து ஒரு பின்னேரத்தில் முடித்தோம். நிலம் வேண்டும்தான், ஆனால் ஒரே ஒரு பின்னேரத்துக்கு. அவசரத்துக்கு இதைவிட நல்ல வழி இல்லை. பார்வைக்கு மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. மெத்தைக் கடைச் சாமான் மாதிரி உப்பி நிற்கிறது. முடிச்சுக்குப் பதிலாகப் பொத்தான் வைத்தால் வடிவு என்பார்கள். சின்னப் பிள்ளைக்கு என்றால் வேண்டாம், கழன்று வாய்க்குள் போகும். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தை நித்திரை கொள்ளும்போது எந்தப் போர்வையும் பக்கத்தில் இருக்கக்கூடாது என்பதும் கையோடு சொல்லிவிட வேண்டியது. நிலத்தில் விரித்து விளையாட விடலாம்.

மூன்றாவது, பழைய சேலையில் கைத்தையல். வங்காளத்தில் காந்தா என்று இதற்குப் பெரிய மரபே உண்டு: நைந்த சேலைகளை அடுக்கி, நூலோட்டத்தால், அதாவது ஊசியை மேலும் கீழும் ஏற்றி இறக்கிப் போகும் சாதாரணக் கைத்தையலால், வரிவரியாகப் பிடிப்பது. பஞ்சு தேவையில்லை. எங்கள் ஊர்க் குளிருக்கு மூன்று அடுக்குப் பருத்தியே போதும். பஞ்சு வைத்த போர்வை இங்கே வருடத்தில் பத்து மாதம் அலுமாரிக்குள்தான் இருக்கும். கனடாவுக்குப் போகிறதென்றாலும் பெட்டிக்குள் பாரமும் இடமும் மிச்சம். ஐந்தரை மீற்றர் சேலையை நடுவில் மடித்து, நைந்த ஓரங்களை வெட்டினால் 45 அங்குல அகலம், 80 அங்குல நீளம் சுலபமாக எடுக்கலாம். அங்குலத்துக்கு ஒரு வரி என்றால் 45 வரி, மொத்தம் 90 மீற்றருக்குச் சற்று மேல் நூலோட்டம். எனக்கு ஒரு வரிக்கு அரை மணி போகிறது. ஆக 22 மணி நேரத்துக்கு மேல், மூன்றிலும் இதற்குத்தான் நேரம் கூட.

ஆனால் அந்த 22 மணி நேரத்தையும் சில்லறையாக மாற்றிச் செலவழிக்கலாம். நிலம் வேண்டாம், கரண்ட் வேண்டாம், ஊக்கும் வேண்டாம், அடுக்குகள் நகராமல் பெரிய தையலாக இழையோட்டினால் போதும். மடித்து மடியில் வைத்துக்கொண்டு விறாந்தையில் இருக்கலாம். அடுப்பில் பாகு பதத்துக்கு வரும்வரை அரை வரி ஓடும். கேற்றில் ஆள் வந்தால் ஊசியைத் துணியிலேயே குத்திவிட்டு எழும்பலாம். ஒரே நிபந்தனை, அரியதரம் சுடுகிற நாளில் தொடக்கூடாது. எண்ணெய்க் கை பட்டால் பிறகு எந்தச் சவர்க்காரமும் உதவாது. அம்மாவும் ஒரு நாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து, கேட்காமலே இரண்டு வரி தைத்தார். அவருடைய தையல் என்னுடையதை விடச் சின்னது, நேரானது. கூர்ந்து பார்த்தால் எது யாருடைய வரி என்று தெரியும்.

குறை இல்லாமல் இல்லை. நைந்த சேலை என்பதால் சில வருடத்தில் மடிப்பில் கிழியும். வெளிநாட்டு மெசினில் தோய்த்தால் இன்னும் கெதியாக. சதுரங்களின் வர்ண விளையாட்டும் இதில் கிடையாது, எடுத்த சேலையின் கரைதான் அழகு. கல்யாணப் பரிசுக்கு என்றால் நான் மெசின் போர்வையைத்தான் கொடுப்பேன், அதையும் சித்திரை வெயிலில் ஆறுதலாகத் தைத்து.

இந்த முறை அம்மம்மாவின் இரண்டு நூல்சேலைகளைப் புரட்டாதியிலேயே தோய்த்து இழையோட்டி வைத்துவிட்டேன். பெருங்கதை தொடங்க முன் 20 வரி, பொங்கல் துப்புரவுக்கு முன் இன்னுமொரு 20. மச்சாள் ஆட்களுக்குப் பட்டிப்பொங்கல் கழிந்து நான்காம் நாள்தான் பிளேன். மிச்சம் ஐந்து வரியையும் ஓரத்தையும் அவர்கள் பெட்டி அடுக்குகிற நேரத்தில் முடித்துவிடலாம். முடியாவிட்டால் மச்சாளுக்கும் நூலோட்டம் தெரியும்.