அசெம்பிள்டு செட்டா, கம்பெனி ஆம்ப்பா, குட்டி கிளாஸ் டியா?

கடலூரிலோ புதுச்சேரியிலோ வீட்டுக் கூடத்தில் ஒரு ஜோடி ஸ்பீக்கர் வைத்துப் பாட்டுக் கேட்க நினைப்பவருக்கு, ஸ்பீக்கரை ஓட்டும் ஆம்ப்ளிஃபயர் (ஆம்ப்) வேண்டும். கண்ணாடிக் குழாய் வைத்த பழைய வால்வு செட்டை விட்டுவிட்டால் மூன்று வழி இருக்கிறது. தெரிந்த மெக்கானிக்கிடம் அசெம்பிள் செய்துகொள்வது ஒன்று. யமஹா, மரான்ஸ், நாட் (NAD) மாதிரி கம்பெனியின் கிளாஸ் ஏபி ஆம்ப், அதாவது டிரான்சிஸ்டரால் சிக்னலை நேரடியாகப் பெருக்கும் வழக்கமான வகை, இன்னொன்று. அப்புறம், உள்ளங்கை அளவில் ஆன்லைனில் வருகிற கிளாஸ் டி; இது கரண்டை அதிவேகமாக ஆன்-ஆஃப் செய்து பெருக்கும் வகை.

எதை வாங்கினாலும் முதலில் வாட் மயக்கம் தெளிய வேண்டும். 86 டெசிபல் சென்சிடிவிட்டி உள்ள ஸ்பீக்கர், 1 வாட்டில் 1 மீட்டர் தூரத்தில் 86 டெசிபல் சத்தம் தரும். 12க்கு 14 அடி அறையில் அந்தச் சத்தத்துக்கே பக்கத்தில் இருப்பவரோடு குரலை உயர்த்தித்தான் பேச வேண்டும். வாட்டை இரட்டிப்பாக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபல். அதனால் 50 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் காதுக்குத் தெரிகிற வித்தியாசம் கொஞ்சம்தான். பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் பிஎம்பிஓ (PMPO) என்ற ஊதிப் பெருக்கிய விளம்பர வாட் எண்ணைப் படிக்கவே வேண்டாம்.

அசெம்பிள்டு செட்டின் பலம் டிரான்ஸ்ஃபார்மர். 24-0-24 (நடு வயருக்கு இரு பக்கமும் 24 வோல்ட்), 5 ஆம்பியர், காப்பர் சுற்றியது என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியம் சுற்றியதைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். கையில் தூக்கிப் பார்த்தால் எடையே காட்டிக்கொடுத்துவிடும். ரெக்டிஃபை ஆனபின், அதாவது ஏசி டிசியாக மாறியபின், பிளஸ் மைனஸ் 33 வோல்ட் அளவுக்கு வரும். 8 ஓம் (மின்தடை அளவு) ஸ்பீக்கரில் சேனலுக்கு ஏறக்குறைய 50 வாட் நியாயமாக எடுக்கலாம். இதே வாட்டுக்குக் கம்பெனி செட்டு கேட்கிற விலையில் பாதிகூட ஆகாது. சிக்கல், ஸ்பீக்கருக்குக் கரண்ட் அனுப்பும் அவுட்புட் டிரான்சிஸ்டரில்தான். மெக்கானிக்குகள் ‘5200, 1943’ என்று சொல்லும் தோஷிபா ஜோடிக்குச் சந்தையில் டூப்ளிகேட் ஏராளம். போலி ஒன்று ஷார்ட் ஆனால் அந்த 33 வோல்ட் டிசி நேராக ஊஃபரில் (அடிநாதம் தரும் பெரிய ஸ்பீக்கர்) இறங்கி அதன் உள்ளே சுற்றியிருக்கும் வாய்ஸ் காயிலைப் பொசுக்கிவிடும். “பாஸ் போர்டு ஒண்ணு சேத்துடட்டா சார்?” என்று, அடிநாதத்தைக் கூட்டும் போர்டுக்குக் கேட்பார்கள். “வேணாம்ணே, அந்தக் காசுக்கு, டிசி வந்தா லைனைத் துண்டிக்கிற ஸ்பீக்கர் புரொடெக்‌ஷன் போர்டு போடுங்க” என்று சொல்லிவிடுங்கள். செட்டு கைக்கு வந்ததும் ஸ்பீக்கரை மாட்டாமல், வால்யூமைக் குறைத்து வைத்து, மல்டிமீட்டரை டிசியில் போட்டு ஸ்பீக்கர் டெர்மினலில் வையுங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் சரி. வோல்ட் கணக்கில் காட்டினால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

குட்டி கிளாஸ் டி கரண்டை வீணாக்காது. 85 சதவீதத்துக்கு மேல் ஸ்பீக்கருக்கே போகும், சூடும் குறைவு. ஆனால் விளம்பர எண்ணில்தான் விளையாட்டு. 24 வோல்ட் அடாப்டரில் ஓடுகிற ஆம்ப், 8 ஓமில் 36 வாட்டைத் தாண்டவே முடியாது; கணக்கு இடம் கொடுக்காது. டிபிஏ3116 சிப் வைத்த மலிவு போர்டுகளில் இன்னொரு குறை, ஸ்பீக்கரின் ஓமுக்கு ஏற்ப டிரெபிள் கொஞ்சம் கூடும், குறையும். அதற்காகக் கிளாஸ் டி என்றாலே மட்டம் என்று தள்ளிவிட முடியாது. 1978இல் 20 வாட் 3020 ஆம்ப்பால் பேர் வாங்கிய நாட் கம்பெனியே, 2013இல் டி 3020 என்று அதன் வாரிசைக் கிளாஸ் டியில்தான் கொண்டுவந்தது.

கம்பெனி ஏபி ஆம்ப்பில் யமஹா ஏ-எஸ்301 நல்ல உதாரணம்: 8 ஓமில் 60 வாட், டிவியிலிருந்து ஆப்டிகல் வயரை நேராகச் செருகலாம், ரெக்கார்டு பிளேயருக்கும் இடம் உண்டு. புரொடெக்‌ஷன் உள்ளேயே இருக்கும். சும்மா இருக்கும்போதும் சூடாகும் என்பதால், கத்திரி வெயிலில் கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸுக்குள் வைத்துப் பூட்டக் கூடாது.

நம் கடலோரத்தில் இவை எல்லாவற்றுக்கும் பொது எதிரி உப்புக்காற்று. தேவனாம்பட்டினம் பக்கமோ, புதுச்சேரி பீச் ரோட்டுக்குப் பின்தெருவிலோ வீடு என்றால் ஆடியோ வயர் செருகும் ஆர்சிஏ சாக்கெட் மங்கும், ஸ்பீக்கரை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்சான ரிலேயின் காண்டாக்ட் கறுக்கும். ஒரு பக்கம் ஸ்பீக்கர் விட்டுவிட்டுப் பாடினால் பாதி நேரம் குற்றவாளி அந்த ரிலேதான். அதை மாற்றுவது எந்த மெக்கானிக்குக்கும் சின்ன வேலை. குட்டி கிளாஸ் டியின் சிப் போனால் போர்டையே தூக்கிப்போட வேண்டியிருக்கும்.

ஆகவே என் ஓட்டு 40 முதல் 60 வாட் கம்பெனி ஏபி ஆம்ப்புக்கு. பட்ஜெட் இடிக்கிறதா? நம்பகமான கை தெரிந்தால் மட்டும் அசெம்பிள்டு. படுக்கையறைக்கும் கம்ப்யூட்டர் மேசைக்கும் கிளாஸ் டி போதும். ஆரோவில் பக்கம் வெளிநாட்டவர் யாராவது ஊருக்குப் போகும்போது விற்கிற பழைய செட்டு கிடைத்தால் விடாதீர்கள். ஆனால் பிளக்கைச் செருகுமுன் பின்பக்கத்தைப் பாருங்கள். 100 அல்லது 120 வோல்ட் என்று மட்டும் போட்டிருந்தால், ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் நம் 230இல் மாட்டக் கூடாது.