பால்டர்ஸ் கேட் 3: தள்ளிவிடுவதற்கு என்ன விலை?

லாரியன் ஸ்டூடியோஸ் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட பால்டர்ஸ் கேட் 3 என்ற மாயாஜாலக் கணினி விளையாட்டின் கதையையும் குரல் நடிப்பையும் பாராட்டாதவர்கள் குறைவு. நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலுமாக இருந்துகொண்டு இணையவழி சேர்ந்து ஆடும் எங்கள் நால்வர் குழுவிலும் அதில் கருத்து வேறுபாடு கிடையாது. நாங்கள் ஓயாமல் வாதிடுவதெல்லாம் சண்டையில் எதிரியைத் தள்ளிவிடும் வசதியைப் பற்றித்தான். தள்ளும் தூரத்தில் குறையில்லை, அதற்கு வைத்த விலைதான் மிகக் குறைவு என்பது என் உறுதியான கருத்து.

முறைவைத்துத் தாக்கும் இச்சண்டையில், ஒவ்வொரு பாத்திரத்துக்கும் அதன் முறை வரும்போது கொஞ்சம் நகர்வும், ஒரு ஆக்‌ஷனும், ஒரு போனஸ் ஆக்‌ஷனும் கிடைக்கின்றன. ஆக்‌ஷன் என்பது தாக்குதல் போன்ற முதன்மைச் செயல், போனஸ் ஆக்‌ஷன் என்பது அதோடு கூடச் செய்யும் சிறு செயல். இவற்றை எதற்குச் செலவிடுகிறோம் என்பதே ஆட்டத்தின் உயிர். இதற்கு மூலமான, மேசையில் அமர்ந்து பகடை உருட்டி ஆடும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 5-ஆம் பதிப்பின் 2014 விதிகளில், ஒருவரைத் தள்ள வேண்டுமானால் ஒரு தாக்குதலையே விட்டுக்கொடுக்க வேண்டும். அப்போதும் எதிரி 5 அடிதான் நகர்வார், அல்லது கீழே விழுவார். லாரியன் இரண்டையும் மாற்றியது: தள்ளுவதை போனஸ் ஆக்‌ஷனாக்கி, தூரத்தைத் தள்ளுபவரின் வலிமையையும் தள்ளப்படுபவரின் எடையையும் பொறுத்ததாக வைத்தது.

தூரம் கூடியதால் களம் முழுவதற்கும் உயிர் வந்தது என்பதை மனமார ஒப்புக்கொள்கிறேன். கோப்ளின் என்னும் குட்டிப் பூதங்களின் முகாமிலுள்ள பள்ளங்களையும், பாதாள உலகின் பாறை விளிம்புகளையும், கிரிம்ஃபோர்ஜின் எரிகுழம்பையும் பார்த்துப் பார்த்து நிற்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. எதிரிகளும் நம்மைத் தள்ளுவதால் விளிம்பில் நிற்கும் வில்லாளிக்கு நெஞ்சு படபடக்கத்தான் செய்கிறது. ஆழ்பள்ளத்தில் விழுந்த உடலோடு அதன் பொருட்களும் போய்விடும் என்ற தண்டனையும் நல்ல யோசனை. அந்த முகாமின் தலைவர்களில் ஒருத்தியான மின்தாராவைப் பள்ளத்தில் தள்ளி ஒரே நொடியில் வென்றவர், அவள் வைத்திருந்தவற்றையும் இழக்கிறார்.

ஆனால் விலை? எங்கள் மாவட்டத்து அடிமுறைக் களரியில் பயின்ற எவரும், முழு உடலையும் செலுத்தித் தள்ளுபவர் தம் நிலையையும் ஒரு கணம் இழக்கிறார் என்று சொல்வார்கள். இங்கே தள்ளுபவர் தம் நிலையை இழப்பதே இல்லை. வாளும் கேடயமும் ஏந்திய போர்வீரருக்குத் தம் போனஸ் ஆக்‌ஷனில் செய்ய வேறு பெரிய வேலை இருப்பதில்லை. ஆகவே வெட்டிவிட்டு, அதே முறையில் இலவசம் போலத் தள்ளியும் விடுகிறார். வெறுங்கையால் போரிடும் துறவியோ தள்ளுவதற்காக, போனஸ் ஆக்‌ஷனில் தரும் தம் அடுக்கடியை இழக்கிறார். இரு கைகளிலும் ஆயுதம் ஏந்தியவர் இரண்டாம் கையின் தாக்குதலை இழக்கிறார். ஒரே செயலுக்கு ஆளுக்கொரு விலை! அதுவும் நூறு உயிர்ப்புள்ளி உள்ளவரையும் பத்து உள்ளவரையும் ஒன்றுபோலக் கொன்றுவிடும் செயலுக்கு.

வார்லாக் என்னும் மந்திரவாதியின் ரிப்பெல்லிங் பிளாஸ்ட் என்ற திறன், அவர் எய்யும் மந்திரக் கதிரின் மூலம் இதே வேலையை நியாயமாகச் செய்கிறது. அது எதிரியை 4.5 மீட்டர் தள்ளுகிறது, ஆனால் அதற்கு முழு ஆக்‌ஷன் செலவாகும், கதிர் குறி தப்பாமல் பட வேண்டும், அந்தத் திறனை முன்கூட்டியே தேர்ந்தெடுத்திருக்கவும் வேண்டும். 2018-இல் வந்த இன்டு தி பிரீச் விளையாட்டிலும் எதிரியை ஒரு கட்டம் தள்ளுவதே பல ஆயுதங்களின் முதன்மை வேலை என்பதால், ஒவ்வொரு தள்ளலுக்கும் முன் நெடுநேரம் யோசிக்கிறோம். அந்த யோசனை பால்டர்ஸ் கேட்டில் இல்லை.

2023 நவம்பரில் சேர்க்கப்பட்ட ஹானர் மோட் என்ற மிகக் கடினமான ஆட்டமுறை, வேகம் கூட்டும் ஹேஸ்ட் மந்திரம் தரும் கூடுதல் ஆக்‌ஷனில் ஒரே ஒரு தாக்குதலுக்குத்தான் இடம் தந்து, செயல்களின் எண்ணிக்கையைக் கறாராக்கியது. அதே கறார் தள்ளுவதற்கும் வந்திருக்க வேண்டும். தூரத்தை அப்படியே விட்டுவிட்டு, பழைய விதிப்படி ஒரு தாக்குதலுக்குப் பதிலாக மட்டுமே தள்ளலாம் என்று வைத்திருந்தால், 5-ஆம் நிலையில் இரண்டாம் தாக்குதல் பெறும் வீரர்கள் ஒன்றை அடிப்பதற்கும் மற்றொன்றைத் தள்ளுவதற்கும் பகிர்ந்துகொள்வார்கள். விலையை உயர்த்தினால் யாரும் தள்ளமாட்டார்கள் என்று குழுவில் ஒருவர் சொல்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பள்ளத்தின் விளிம்பில் நிற்கும் பெரிய எதிரிக்காக ஒரு தாக்குதலை விடத் தயங்குபவர் யார்?

இந்தக் குறையை அறிந்தே இதை வாங்கச் சொல்கிறேன். முறைவைத்து ஆடும் சண்டையை விரும்புவோருக்கு இவ்வளவு ஆழமான களம் அரிது. 2024 செப்டம்பரில் வந்த 7-ஆம் பேட்ச் என்ற புதுப்பிப்பு, ஆடுபவர்கள் உருவாக்கிய மாற்றங்களைச் (மாட்) சேர்க்கும் வசதியை விளையாட்டுக்குள்ளேயே தந்துவிட்டாலும், நாங்கள் மென்பொருளைத் தொடவில்லை. தம் முறை வரும்போது தாக்காதவர் மட்டுமே தள்ளலாம் என்று எங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டோம். கோப்ளின் முகாமின் சண்டை இப்போது முன்பைவிட நீளமாகவும் கடினமாகவும் இருக்கிறது, யாரைத் தள்ளுவது என்று நால்வரும் கலந்து பேசித்தான் முடிவெடுக்கிறோம்.